நெருப்புக்கோழிப் பண்ணைக்குப் போன மூன்று ஞாயிறுகள்

“ஞாயிறு. மூன்றாம் முறை. அம்மா வேலிக்குள் போனார். கறுப்பு ஆண் பிஸ்கட் தின்றது. அப்பா உள்ளே வரவில்லை. மழை மூன்று மணிக்கு.”

இது என் கையெழுத்துதான். ஆறாம் ஆண்டுக் கணக்கு நோட்டின் கடைசித் தாளில் பென்சிலால் எழுதியிருக்கிறேன். மழை எத்தனை மணிக்கு வந்தது என்று குறித்துவைத்த நான் ஆண்டைக் குறிக்கவில்லை. ஆண்டும் மறந்துபோகும் என்று அந்த வயதில் தோன்றியிருக்காது. ஆறாம் ஆண்டுச் சோதனை முடிந்து இடைநிலைப் பள்ளியில் சேர்வதற்கு முந்தைய நீண்ட விடுமுறை என்பது மட்டும் உறுதி. ஆகவே எனக்கு வயது பன்னிரண்டு, தம்பிக்கு எட்டு. தொண்ணூறுகளின் பிற்பகுதி.

அதே தாளில் மேலே இன்னும் இரண்டு குறிப்புகள் உள்ளன. “ஞாயிறு. நெருப்புக்கோழிப் பண்ணை. முட்டை மேல் நின்றேன். உடையவில்லை.” அதற்கடுத்து: “ஞாயிறு. மறுபடியும் பண்ணை. ஏன் என்று தெரியவில்லை.”

நாற்பதைத் தாண்டிய நம்மில் பலர் அந்த நாள்களில் இப்படி ஏதாவதொரு பண்ணைக்குப் போயிருப்போம். முட்டை மேல் ஏறிப் படம் எடுத்துக்கொண்டு, வெளியே வரும்போது ஆளுக்கோர் இறகு வாங்கியிருப்போம். அந்த இறகுகள் எங்கே போயின என்று இன்று கேட்டால் யாருக்கும் தெரியாது. என் வீட்டு இறகு கொஞ்ச காலம் சாமி மாடத்தைத் தூசி தட்டியது. பிறகு காணோம்.

நாங்கள் ஈப்போவில், புந்தோங்கில் இருந்தோம். அப்பாவும் அம்மாவும் அதற்கு முன் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர்கள். நான் அம்மாவின் வயிற்றில் இருந்தபோது அங்கிருந்து கிளம்பி வந்துவிட்டார்கள். பிறகு தோட்டம் கைமாறியது. மரங்களை வெட்டினார்கள், கேட்டைப் பூட்டி ஜாகா, அதாவது காவலாள், போட்டார்கள். எனக்கும் தம்பிக்கும் அது வீட்டில் அடிக்கடி அடிபடும் ஒரு பெயர், அவ்வளவுதான்.

அந்த விடுமுறையின் தொடக்கத்தில் அத்தை, அதாவது அப்பாவின் தங்கை, ஒரு விளம்பரத் தாளை விசிறிக்கொண்டு வந்தார். அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தார்.

“அண்ணி, நம்ம தோட்டத்துல கோழி வளக்குறானுங்களாம்.”

“வளக்கட்டும்.”

“சாதாக் கோழி இல்ல லா. நெருப்புக்கோழி. ஆள் உயரத்துக்கு மேல இருக்குமாம். டிக்கெட் எடுத்தா யாரும் உள்ள போலாமாம்.”

அம்மாவின் கை பானைக்குள் நின்றுவிட்டது. “யாரும் போலாமா?”

“அதான் போட்டிருக்கு.”

“கேட்டுல ஜாகா நிறுத்த மாட்டானா?”

“டிக்கெட்ட வித்துட்டு எவனாவது நிறுத்துவானா அண்ணி?”

அப்பாவுக்குப் பிடிக்கவில்லை. “கோழி பாக்கவா அவ்ளோ தூரம்? பசார்ல இல்லாத கோழியா?”

“பசார் கோழி மேல ஏறி உக்கார முடியுமாண்ணே?” என்றார் அத்தை. ஏறி உட்காரலாம் என்பது தம்பி காதில் விழுந்துவிட்டது. அதற்குப் பிறகு அப்பா சொன்ன எதுவும் எடுபடவில்லை.

முதல் ஞாயிறு. செம்மண் பாதையில் வேன் குதித்துக் குதித்துப் போனது. கேட்டுக்கு வெளியே ஒரு மர நிழலில் நிறுத்திவிட்டு அப்பா இறங்காமலே சொன்னார்: “நீங்க போங்க. நான் வேன ஜாகா பாக்குறேன்.”

“இந்த வேனத் திருடுறவன் தள்ளிக்கிட்டுத்தான் போவணும்” என்றார் அத்தை. அப்பா சிரிக்கவில்லை.

உள்ளே ரப்பர் பூட்ஸ் போட்ட ஒருவர் கையில் ஒரு தென்னந் துடைப்பத்துடன் எங்களைக் கூட்டிப்போனார். தம்பி அவருக்குப் ‘பறவைக்காரர்’ என்று பெயர் வைத்தான். துடைப்பம் கூட்டுவதற்கில்லை. பறவை நெருங்கினால் அதைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடிப்பார். தன்னைவிட உயரமான எதையும் அது எதிர்க்காது என்றார். பறவைகள் வேலியோரம் வந்து கழுத்தை நீட்டின. கங்கோங் கீரையை நீட்டினால் விரலோடு சேர்த்துக் கவ்வின. விழுங்கியது கழுத்துக்குள் ஒரு கட்டியாக மெல்ல இறங்குவதை வெளியிலிருந்தே பார்க்க முடிந்தது. கண் இமைகளில் நீள நீளமான முடி. ஈரச் சாணமும் சூடான இறகும் கலந்த ஒரு வாடை. தொலைவில் ஓர் ஆண் பறவை கழுத்தை ஊதிப் பெருக்கிக் குரல் எழுப்பியது. காலியான தண்ணீர்த் தொட்டிக்குள் யாரோ முரசு அடிப்பதைப் போலிருந்தது.

இரண்டு முட்டைகளை மணலில் பதித்து வைத்திருந்தார்கள். “ஏறும்மா, உடையாது” என்றார் பறவைக்காரர். பிறகு அத்தையைப் பார்த்து, “அக்கா ஏறுறதா இருந்தா முட்டைகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கிறேன்” என்றார்.

“உன் வாய்க்கு நெருப்புக்கோழிதான் சரி” என்றார் அத்தை. ஆனாலும் ஏறினார். உடையவில்லை.

தம்பி சவாரி செய்தான். பறவையின் தலையில் ஒரு துணி உறையை மாட்டி அவனை ஏற்றினார்கள். உறையைக் கழற்றியதும் அது ஓடிய ஓட்டத்தில் பத்து எண்ணுவதற்குள் அவன் அழ ஆரம்பித்துவிட்டான். எல்லாரும் சிரித்தார்கள். அப்போதுதான் அம்மா பக்கத்தில் இல்லை என்று கவனித்தேன்.

அம்மா பண்ணையின் பின்பக்கம் இருந்தார். அங்கே பழைய தோட்டத்துக் கால்வாய் ஒன்று நேராக ஓடியது. அதன் மேல் சின்ன சிமெண்டுப் பாலம். அங்கிருந்து அம்மா ஒரே அளவாக அடி வைத்து நடந்துகொண்டிருந்தார். உதடு அசைந்துகொண்டிருந்தது. “அம்மா” என்றேன். “பேசாத, கணக்கு விட்டுரும்” என்றார். ஓரிடத்தில் திரும்பி மறுபடியும் நடந்தார். கம்பி வேலி குறுக்கே வந்தது. கம்பியைப் பிடித்துக்கொண்டு உள்ளே நாலைந்து எட்டு தள்ளியிருந்த வெறும் மணலைப் பார்த்தபடி நின்றார். கூப்பிட்டால் வரவில்லை. பறவைக்காரர் வந்து பண்ணை மூடும் நேரம் என்று சொன்ன பிறகுதான் வந்தார்.

அடுத்த ஞாயிறும் போக வேண்டும் என்று அம்மாவே கேட்டார். எதற்கும் கேட்காதவர் கேட்டதால் அப்பாவால் மறுக்க முடியவில்லை. ஆனால் அன்றும் அவர் வேனிலேயே இருந்துவிட்டார். அம்மா நேராக வேலிக்குப் போய், முந்தானையிலிருந்து மூன்று பிஸ்கட்டுகளை எடுத்துக் கம்பி இடுக்கு வழியாக மணலில் போட்டார். பறவைகள் எல்லாம் மறுகோடியில் தீனிக்காக நின்றன. எறும்புதான் வந்தது. அம்மாவின் முகம் சிறுத்துப்போனது.

வீட்டுக்கு வந்து, பாத்திரம் கழுவும்போது கேட்டேன்: “அந்த பிஸ்கட் யாருக்கும்மா?”

கழுவிய தட்டை எனக்கு நீட்டிக்கொண்டே சொன்னார்: “உனக்கு முன்னால ஒரு அண்ணன் இருந்தான். முப்பத்தேழு நாள் இருந்தான்.”

காய்ச்சல் வந்து போன குழந்தை. அவ்வளவு சின்னப் பிள்ளையைச் சுடுகாட்டுக்குக் கொண்டுபோகும் வழக்கம் அந்தத் தோட்டத்தில் இல்லை. புது வேட்டியில் சுற்றி, ஆண்கள் இருவர் எடுத்துப்போய் ஒரு பால் மரத்தடியில் புதைத்துவிட்டு வருவார்கள். பெண்கள் போகக் கூடாது. பெற்றவளுக்கு இடமே தெரியக் கூடாது. தெரிந்து அங்கே போய் அழுதால் அடுத்த பிள்ளை தங்காது என்று பெரியவர்கள் சொல்வார்களாம். அண்ணனை எடுத்துப்போனவர்கள் அப்பாவும், வேலைக்காரர்களை மேய்க்கும் தண்டலும்.

“சொன்னாத்தான் சோறு திம்பேன்னு உக்காந்துட்டேன்” என்றார் அம்மா. “மூணாம் நாள் உங்கப்பா சொன்னாரு. பாலத்துலேருந்து எட்டாவது நிரை, பதினாலாவது மரம்.”

நிரை என்றால் மரங்களின் வரிசை. பால் வெட்டுகிறவர்களுக்கு அது ஒரு முழு முகவரி. இருட்டில்கூடத் தவறாமல் போய்ச் சேர்ந்துவிடுவார்கள். ஆனால் அடுத்த பிள்ளை பிறக்கும்வரை அந்தப் பக்கம் போவதில்லை என்று அம்மாவிடம் சத்தியம் வாங்கியிருந்தார்கள். அடுத்த பிள்ளை நான். நான் பிறப்பதற்குள் அவர்கள் புந்தோங்குக்கு வந்துவிட்டார்கள், பிறகு தோட்டத்துக் கேட்டையும் பூட்டிவிட்டார்கள்.

“மரம் இல்லியேம்மா. எப்படிக் கண்டுபுடிச்சீங்க?”

“மரம் இல்லன்னா என்னா? ஒரு மரத்துக்கும் அடுத்த மரத்துக்கும் எத்தன அடின்னு என் காலுக்குத் தெரியும்.”

பிஸ்கட் ஏன் என்பதும் எனக்குப் புரிந்தது. நம் வீடுகளில் படையல் போட்டால் காக்கை வந்து எடுக்க வேண்டும். எடுத்தால்தான் போனவர் ஏற்றுக்கொண்டார் என்று பொருள். எடுக்காவிட்டால் வீட்டில் யாரும் சாப்பிட உட்கார மாட்டார்கள். அண்ணனுக்கு யாரும் ஒருநாளும் படைத்ததில்லை. அந்தப் பண்ணையில் காக்கையும் இல்லை.

மூன்றாம் ஞாயிறு, அம்மா பறவைக்காரரிடம் போனார். “தம்பி, என்னைய கொஞ்சம் உள்ள விடுவியா?”

“அக்கா, விளையாடுறீங்களா? கறுப்பு ஆண் உள்ள இருக்கு. ஒரு உதை விட்டா குடல் வெளிய வந்துரும்.”

“என் மூத்த பையன் அங்க இருக்கான்.”

பறவைக்காரர் அம்மாவைப் பார்த்தார், பிறகு மணலைப் பார்த்தார். அவரும் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவர்தான். அந்த வழக்கம் அவருக்கும் தெரியும். “என் முதுகுக்குப் பின்னாலயே வாங்க. நான் நில்லுன்னா நிக்கணும்” என்று சொல்லித் துடைப்பத்தை உயரத் தூக்கிக்கொண்டு வேலிக் கதவைத் திறந்தார். பெட்டைகள் விலகி ஓடின. கறுப்பு ஆண் நகரவில்லை.

நான் கம்பிக்கு இப்பால் நின்றேன். அம்மா மணலில் குந்தி உட்கார்ந்து மூன்று பிஸ்கட்டுகளையும் உள்ளங்கையில் வைத்து நீட்டினார். “அக்கா, கீழ போட்டுருங்க, கையில வேணாம்” என்று பறவைக்காரர் கிசுகிசுத்தது கேட்டது. அது வந்தது. இரண்டு எட்டு. நின்றது. தலையைச் சாய்த்து ஒரு கண்ணால் அம்மாவைப் பார்த்தது. பிறகு கழுத்து இறங்கி வந்து ஒன்றை எடுத்தது, இன்னொன்றை எடுத்தது, மூன்றாவதையும் எடுத்தது. மூன்று கட்டிகளும் ஒன்றன்பின் ஒன்றாக அந்தக் கழுத்தில் இறங்கின.

“இது யார் கையிலயும் வாங்காதுக்கா” என்றார் பறவைக்காரர்.

அம்மா சிரித்தார். அப்படி ஒரு சிரிப்பை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. “எடுத்துக்கிட்டான்” என்றார் என்னைப் பார்த்து. “பாத்தியா? எடுத்துக்கிட்டான்.”

அதே பறவை அன்று காலை தம்பியின் சட்டைப் பொத்தானையும் ஒரு சீனப் பெண்மணியின் தலை கிளிப்பையும் கொத்தி விழுங்கியதை நான் பார்த்திருந்தேன். சொல்லவில்லை. நான் செய்த சில நல்ல காரியங்களில் அது ஒன்று.

அப்பாவிடம் சொல்ல ஓடினேன். வேனில் அவர் இல்லை. பாதைக்கு அந்தப் பக்கம், பண்ணைக்குச் சேராத நிலத்தில், வெட்டாமல் விட்ட பால் மரங்கள் பத்துப் பன்னிரண்டு நின்றன. வழியில் அவருடைய செருப்பு இரண்டும் கழற்றிக் கிடந்தன. அப்பா வெறுங்காலோடு ஒரு மரத்தில் உள்ளங்கையை வைத்தபடி நின்றார்.

“அப்பா?”

“ஒண்ணுக்கு வந்தேன்” என்றார் உடனே.

நடந்ததைச் சொன்னேன். முழுவதும் கேட்டார். “அம்மா சந்தோஷமா இருக்காளா?”

“சிரிச்சாங்க.”

“அது போதும்” என்றார். செருப்பை மாட்டிக்கொண்டு வேனுக்கு நடந்தார். அதற்குள் மழை வந்துவிட்டது.

அதன்பின் அம்மா தேறினார். என்ன நோய் என்று சொல்லத் தெரியாமல் வருடக் கணக்கில் அரைவயிறு சாப்பிட்டவர் வயிறாரச் சாப்பிட்டார். தீபாவளிப் படையலில் ஒரு சின்ன இலை கூடுதலாக விழுந்தது. பண்ணை சில ஆண்டுகள் ஓடி மூடப்பட்டது. பறவைகளை யார் வாங்கினார்கள், பறவைக்காரர் எங்கே போனார் என்று நான் விசாரித்தும் தெரியவில்லை. அந்த நிலத்தில் இப்போது எண்ணெய் எடுக்கும் செம்பனை.

எனக்கு மட்டும் அப்பாவின் மேல் ஒரு கசப்பு தங்கிவிட்டது. என் நோட்டில் “அப்பா உள்ளே வரவில்லை” என்ற வரியின் கீழ் இரண்டு கோடுகள் போட்டிருக்கிறேன். பதினேழு வயதில், எதற்கோ வந்த சண்டையில், அதைச் சொல்லியும் விட்டேன்: “பெத்த பிள்ள கெடக்குற எடத்துக்கே வராதவருதானே நீங்க.” அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சாப்பிட்டு முடித்து, தன் தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போனார்.

அப்பா இறந்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன. கருமகாரியம் முடிந்த மறுநாள் அத்தை என்னைப் பின்கட்டுக்கு அழைத்தார். அம்மா முன்னறையில் அப்பாவின் படத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“உங்கப்பா அண்ணிகிட்ட சொன்ன கணக்கு நெசம் இல்லடீ.”

“எந்தக் கணக்கு?”

“எட்டாவது நிரை, பதினாலாவது மரம். சோறு திங்க வைக்கணும்னு வாயில வந்தத சொல்லிட்டாரு. உண்மையான எடத்த சொல்லக் கூடாதுன்னு பெரியவங்க கட்டளை. நான் பண்ணை நோட்டீஸ கொண்டாந்தேன்ல, அன்னிக்கி என்னை அந்தத் திட்டு திட்டிட்டு இதைச் சொன்னாரு. அவ போய் எண்ணுவாளே, எண்ணுவாளேன்னு பொலம்பினாரு.”

“அப்ப உண்மையான எடம் எது?”

“கேட்டேன். சொல்லல. அண்ணிகிட்ட நீ எதையும் ஒளறி வைக்காத. அந்தக் கோழி தின்னுச்சே, அதோட போவட்டும்.”

வழியில் கிடந்த செருப்புகளும், அந்தப் பால் மரத்தில் அப்பா வைத்திருந்த கையும் எனக்கு அப்போதுதான் விளங்கின. விளங்கி என்ன? பதினேழு வயதில் சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்ள ஆள் இல்லை.

இது இத்தோடு நின்றிருக்கலாம். சென்ற ஆண்டு அம்மா படுக்கையில் விழுந்தார். தேறிவிட்டார், ஆனால் எழுந்ததும் என்னிடம் ஒன்று கேட்டார். “அங்கேருந்து ஒரு புடி மண்ணு எடுத்துட்டு வா. என்னைய எரிச்ச சாம்பலோட அதையும் சேத்துக் கரைக்கணும். எண்ணி எடு. எட்டாவது நிரை, பதினாலு.”

நான் எப்படி எண்ணுவேன்? பொய் என்று தெரிந்த கணக்கை வைத்து எடுத்தால் அம்மா யாரோடு சேருவார்? அப்பாவுடன் போன தண்டலைத் தேடினேன். நான்கு மாதங்கள் ஆயின. ஹுத்தான் மெலிந்தாங்கில் மகள் வீட்டில் இருந்தார். தொண்ணூறை நெருங்கும் வயது. வாசலில் உலரும் மீன்வலையை முறைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பேரனைக் கூப்பிட வாயெடுத்து, பெயர் வராமல், “டேய், இந்தா, நீதான்” என்றார். மகள் என்னிடம், “அவருக்கு நேத்து சாப்பிட்டதே ஞாபகம் இருக்காதுக்கா” என்றார்.

நான் அவர் காதருகே குனிந்து அப்பாவின் பெயரைச் சொன்னேன். தலையை ஆட்டினார். “நீங்க ரெண்டு பேரும் ஒரு கொழந்தைய...” என்று ஆரம்பித்தேன்.

“எட்டாவது நிரை, பதினாலாவது மரம்” என்றார்.

நான் கேள்வியை முடிக்கக்கூட இல்லை. “தாத்தா, நெசமாவா?” என்றேன். “எட்டாவது நிரை, பதினாலாவது மரம்” என்றார் மறுபடியும், அதே குரலில், அதே வேகத்தில். மூன்றாம் முறை கேட்டபோது தூங்கிப்போயிருந்தார்.

அது அவர் கண்ட இடமாக இருக்கலாம். அப்படியானால் அத்தை சொன்னது தவறு, அல்லது அப்பா அத்தையிடம் சொன்னது பொய். இல்லையென்றால், யார் கேட்டாலும் இப்படிச் சொல்லுங்கள் என்று அப்பா அவரிடம் சொல்லி வைத்திருக்கலாம். எல்லாம் மறந்த பிறகும் ஒரு மனிதர் அந்த வாக்கை மட்டும் விடாமல் வைத்திருக்கலாம். இரண்டில் எது என்று சொல்ல என்னிடம் சான்று இல்லை.

நான் போனேன். செம்பனைக்கு நடுவே அந்தக் கால்வாய் இன்னும் இருந்தது. அம்மாவின் அடியை மனத்தில் வைத்து எண்ணி, எட்டு பதினாலில் ஒரு பிடி எடுத்தேன். பாதையைக் கடந்து, மிச்சமிருந்த பால் மரங்களின் அடியில் இன்னொரு பிடி எடுத்தேன். இரண்டையும் ஒரே துணியில் முடிந்தேன்.

அம்மா முடிச்சை மூக்கருகே வைத்து முகர்ந்தார். “எண்ணித்தானே எடுத்த?”

“எண்ணித்தாம்மா எடுத்தேன்.”

தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டார். அன்று இரண்டு முறை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

நான் வந்து என் நோட்டில் எழுதியது இது: மண், ஒரு முடிச்சு. ஈரம். நிறம் சிவப்பு. எட்டு பதினாலு என்பது தண்டலின் வாய்மொழி. இடம் சரிபார்க்கப்படவில்லை.